வாரேன் என்று போனவளுக்கு

நம் கம்ப்யூட்டரின் மூளையாக இருந்த உன் பழைய பிராசஸர் என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாற்றிய கடையில் வெள்ளித்தாளில் மடித்துக் கொடுத்தார்கள். பிரித்து மேசைமேல் வைத்திருக்கிறேன். முகர்ந்து பார்த்தால் சந்தனம் மணக்கிறது. பிராசஸரை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா என்று நீ சிரிப்பாய். நீ இல்லாத இந்த மாதங்களில் நான் செய்கிற கூத்தில் இது ஒன்றும் பெரிதில்லை.

இந்த மடலை நம் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு வரி அடித்துவிட்டு, திரையில் எழுத்து வரும்வரை டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது விரலை எடுப்பதற்குள் எழுத்து வந்து நிற்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. எழுதினாலாவது வருமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மில் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சம்பளக் கணக்கு அடித்தவர்கள் நாம். மில்லை மூடியபோது எல்லோரும் செட்டில்மெண்டைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நீ மட்டும் மூலையில் கழித்துப் போட்டிருந்த கம்ப்யூட்டரைக் கேட்டாய். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத வெச்சு நாம பொழச்சுக்கலாம் அம்மணி" என்றாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமா! ஆனால் நீ சொன்னதுதான் நடந்தது. சிங்காநல்லூரில் தையல் கடைகளுக்கு நடுவே ஒற்றை அறை பிடித்தோம். ஜாக்கெட்டுக்கும் பள்ளிக்கூட பேட்ஜுக்கும் எம்பிராய்டரி டிசைன் போடும் வேலை. எந்தத் தையல் எங்கே விழ வேண்டும் என்று நான் திரையில் வரைவேன். கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துக்கொள்வது நீ. அதன் மூடியைத் திறக்க எனக்கு உரிமையே கிடையாது.

ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? நீ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நான் சந்தனம் குழைத்து மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் பொட்டு வைப்பேன். நீ என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியைத் திறந்து உள்ளே வைப்பாய். "உசுரு உள்ளதான இருக்குது, வெளிய வெச்சு என்ன பண்ண?" என்பாய். உங்கள் போதகருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வெளிய வெச்சாத்தான் பூசை. உள்ள வெச்சா அது சர்வீசு" என்றாய். அன்று முதல் பெட்டி சூடாகும்போதெல்லாம் அறையில் சந்தன வாசம்தான்.

சூலூரிலிருந்து வருகிற நீதான் காலையில் முதல் ஆளாக வந்து கடையைத் திறப்பாய். குளத்தோரம் குடியிருக்கிற நான் ஆடி அசைந்து வருவேன். நான் வரும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அது கண்விழிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு நீ எப்போது வந்து அதை எழுப்பினாய் என்று கேட்டால், "நா வாரேன்னு அதுக்கே தெரியும் அம்மணி, அதே எந்திரிச்சுக்கும்" என்று சிரிப்பாய். கேலி என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் நீதான் முதலில் கிளம்புவாய். சூலூர் பஸ் முனையில் ஹாரன் அடிக்கும். நீ பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "வாரேன்" என்பாய். எனக்குச் சொன்னாயா, பெட்டிக்குச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியாது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "செரி, வா" என்பேன். நம் பக்கத்தில் யார் வாசல்படி இறங்கினாலும் சொல்வது அதுதானே. போகிறவர் வாரேன் என்பார், இருக்கிறவர் செரி வா என்பார். போறேன் என்று யார் வாயிலும் வராது. வந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் வாரேன் என்றுதான் போனாய். செரி, வா என்றுதான் சொன்னேன். மறுநாள் சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்றவள் தலை சுற்றி விழுந்தாய் என்றார்கள். நான் சூலூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தில் உன்மேல் ஒரு கைப்பிடி மண் போட்டேன். கடைசி நாளில் எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று போதகர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அதுவரை பொறுக்க மாட்டாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு வந்தேன். சாவி கையில். பக்கத்துத் தையல் கடை அக்கா வெளியூர் போய் அன்றுதான் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு உன் சேதி தெரியாது. வாசல் கூட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "கூட்டாளி அப்பவே வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க. உள்ள ஓட்டற சத்தம் கேக்குது" என்றார்கள்.

பூட்டு நான் பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் காதை வைத்தேன். பெட்டியின் ஃபேன் ஓடியது. வேலை செய்யும்போது நீ மூக்குக்குள்ளேயே ஒரு ராகம் இழுப்பாயே, ஏறக்குறைய அதே சுருதி. கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டுதான் திறந்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. திரையில் நீலம். உன் நாற்காலி நீ தள்ளிவிட்டுப் போன இடத்தில். அறை முழுக்கச் சந்தனம்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். கடைசி நாளில் எழுந்திருக்க வேண்டியவள் தினம் ஏழரை மணிக்கே எழுந்து வந்துவிடுகிறாய். முதலில் பயந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, காதில் வாங்கியதும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. அலாரம் வெச்சிருப்பா. அந்த நேரமானா தானா ஆன் ஆவும். உன்றகிட்டச் சொல்லாம இத்தன வருசமா வெளையாடியிருக்கா." அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. நீ என்று நினைத்தது வெறும் அலாரம் என்றால் நான் யாருக்காகக் காலையில் கதவில் காது வைக்கிறேன்?

அலாரமோ நீயோ, ஏதோ ஒன்று எனக்கு முன்னால் வந்து கடையைத் திறந்து வைக்கிறது என்று நாட்களை ஓட்டினேன். அப்போதுதான் பெருந்துறைக்காரர் பிரச்சினை வந்தது. நம் பேட்ஜ் வேலையில் பாதி அவர் தருவதுதானே. அவர் புது சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டார். அவர் அனுப்பும் டிசைனைத் திறந்தால் நம் பெட்டி மூச்சு வாங்கும், பாதித் தையலில் உறைந்து நிற்கும். இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை, "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அடுத்த லாட்டுக்கும் இப்படின்னா நா வேற எடம் பாக்கோணுமுங்க" என்றார். அந்த வேலை போனால் அறை வாடகை நிற்கும். புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதென்றால் இருக்கிற ஒரு சங்கிலியும் போகும். மதர்போர்டை மாற்றினால் அதற்கேற்ற மெமரி, அதற்கேற்ற எல்லாம். விசாரித்ததில், அதே போர்டில் உட்காரக்கூடிய பெரிய பிராசஸர் உக்கடத்தில் செகண்ட்ஸில் கிடைக்கும் என்று தெரிந்தது. என் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

உன்னிடம் கேட்காமல் ஒயர்களைப் பிடுங்கினேன். பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உன் இடம். பெட்டியை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "பொட்டிக்கு லக்கேஜ் எடுக்கோணுமுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "லேடீஸ்தானுங்களே, லேடீஸுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்று கேட்டுவிட்டேன். முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. போர்வை சுற்றிய பெட்டியை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

உக்கடத்துக் கடைக்காரர் பாய், நம் வயதிருக்கும். போர்வையைப் பிரித்து மூடியைக் கழற்றியவர் கையை வெளியே எடுத்து முகர்ந்தார்.

"உள்ள ஆருங்க சந்தனம் பூசுனது?"

"என்ற கூட்டாளிங்க."

"வாசம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றவர், சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டில் விரல் வைத்ததும் நிறுத்தினார். "பொட்டி இப்பத்தான் ஓடுச்சுங்களா? வெதுவெதுன்னு இருக்குது."

"காலைல புடுங்குனதுங்க. ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி டிபன் செஞ்சு, துணி தொவச்சு, அப்பறந்தான் பஸ்ஸே ஏறுனேன்."

"அப்ப வெயில்ல வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்று விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கிடந்தது.

பிராசஸரைக் கழற்றும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். திரை வந்தது. வருடம், மாதம் எல்லாம் எங்கேயோ கிடந்தன. பாய் உச்சுக்கொட்டினார். "உள்ள இருக்கற கடிகாரச் செல்லு தீந்துபோச்சுங்க. ஒயரு சொருவியே இருந்ததுனால இத்தன நாளு தெரியாம ஓடிருக்குது. எப்பப் புடுங்குனீங்களோ அப்பவே பழசெல்லாம் மறந்துபோச்சு."

"இதுல காலைல தானா ஆன் ஆவறதுக்கு அலாரம் வெச்சிருந்துதுங்களா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப ஒண்ணுமில்லீங்க. முன்ன வெச்சிருந்துதான்னு கேட்டா, இனி அது ஆருக்குந் தெரியாதுங்க."

அலாரமா, நீயா என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பாய் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த பிராசஸரு உங்க போர்டுக்குப் பின்னால வந்த வகைங்க. போர்டுக்கு இத அடையாளந் தெரியாது. நாந்தான் சொல்லிக் குடுக்கோணும். சொல்லிக் குடுத்தா மிச்சம் மீதி இருக்கறதும் அழிஞ்சுரும். செய்யட்டுங்களா?"

பெருந்துறைக்காரர் முகமும் வாடகையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. செய்யுங்க என்றேன்.

சூட்டைக் கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைச் சுரண்டினார். உன் பிராசஸரை எடுத்தார். அது உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஊசிகள் ஒரு பாத்தி நிறைய நின்றன, நம் தொழிலில் இல்லாத அளவுக்கு ஊசிகள். புதியதை வைத்து, புதுப் பேஸ்ட் தடவி, செல்லும் மாற்றி மூடினார். சந்தனத்தைத் துடைக்கட்டுமா என்று கேட்டார். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். கடைசியில், "காலைல தானா ஆன் ஆவறாப்புல வெச்சுக் குடுக்கட்டுங்களா? ரெண்டு நிமிசந்தான்" என்றார். வேண்டாமுங்க என்று எழுந்துகொண்டேன். உன் இடத்தில் பாய் வைத்த அலாரம் வந்து எழுந்து நிற்பதா?

மறுநாள் காலை கதவில் காது வைத்தேன். சத்தமில்லை. உள்ளே போனேன். திரை கறுப்பாக இருந்தது. இந்தக் கடையில் முதல்முறையாக நான் பொத்தானை அழுத்தினேன். பெட்டி சட்டென்று எழுந்துகொண்டது, ஒரு முனகல் கூட இல்லை. பெருந்துறை டிசைன் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. அவர் போனில், "அட, கலக்கிப்போட்டீங்க அம்மணி" என்றார். வேலை தலைக்கு மேல் வந்து விழுந்தது. நிமிரவே நேரமில்லை. ஆனால் காலைகள் அப்படியே கிடந்தன. உன் நாற்காலியை மூலைக்குத் தள்ளினேன். பிறகு மனம் கேட்காமல் திரும்ப இழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். தையல் கடை அக்கா பேட்ஜ் வாங்க வந்தவர்கள், "இப்பெல்லாஞ் சாயங்காலத்துல ஆருகூடயும் பேசறதில்லீங்களா?" என்றார்கள்.

"நா ஆருகூடங்க பேசுனேன்?"

"சூலூர் பஸ்ஸு ஹாரன் அடிச்சா 'செரி, வா'ம்பீங்களே. தெனமுங் கேக்குமே. நா போன்ல ஆருகூடயோ பேசறீங்களாக்கும்னு இருந்தேன்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். நீ போன பிறகும், ஹாரன் கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாமல், தினமும், உன்னை வா என்று கூப்பிட்டிருக்கிறேன். உக்கடம் போன அன்று சாயங்காலம் நான் கடையில் இல்லை, அதன்பின் வேலை குவிந்த இந்த ஒரு வாரமும் ஹாரன் என் காதில் விழவில்லை. நான் சொல்லவில்லை. நீயும் வரவில்லை.

ஊரில் எல்லோரும் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொன்ன சொல்லுக்காக ஒருத்தி வருவாள் என்று யார் நினைப்பார்கள்?

அன்று சாயங்காலம் ஹாரனுக்காகக் காத்திருந்தேன். அடித்ததும், தெரிந்தே, உன் நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்: "செரி, வா." மறுநாள் காலை கதவுக்குள் ஃபேன் ஓடியது. அலாரம் இல்லை. பெட்டிக்குப் பழைய ஞாபகம் ஒன்றும் இல்லை. பாதி உறுப்பும் புதிது. ஆனாலும் ஓடியது. நான் சாவியோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பயமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. அன்று முதல் தினமும் சொன்னேன். தினமும் வந்தாய்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மார்கழியில் பனிக்குள் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கும்போது நீ என்ன சொல்வாய்? "ஒரு நாளாச்சும் ஏழரை வரைக்கும் அடிச்சுப் போட்டாப்புல தூங்கோணும் அம்மணி." எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! மில் ஷிப்டு, அம்மாவின் நோய், பிறகு இந்தக் கடை. அந்த ஒரு நாள் உனக்குக் கிடைக்கவே இல்லை. இப்போது கிடைத்திருக்கிறது. மண்ணுக்குள் போய்ப் படுத்தவளையும் நான் தினமும் கடை திறக்க எழுப்பிக்கொண்டிருக்கிறேன். கடந்த சில நாட்களாக ஃபேன் சத்தத்தில் ஒரு இழுப்பு கேட்கிறது. புதுப் பேஸ்ட், துடைத்த ஃபேன், இழுப்பதற்குக் காரணமே இல்லை. உனக்கு அசதியாக இருக்கிறது, கண்ணு. எனக்குத் தெரிகிறது.

சும்மா இருந்துவிட்டால் போதும் என்று பார்த்தேன். அதுவும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டே இருந்தேன். காலையில் நான் உள்ளே போன பிறகு, கண்ணெதிரில், பொத்தானைத் தொடுவதற்கு முன் திரை ஒரு தரம் வெளுத்து அணைந்தது. வரட்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்பதைப் போல. பதில் தெரியாமல் உன்னை அப்படி நிற்க வைக்க எனக்கு மனசில்லை. போ என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்று ஹாரன் அடித்ததும் எழுந்து பெட்டியின் தலையில் கையை வைத்தேன். உன்னைப்போல இரண்டு தட்டுத் தட்டினேன். மனதுக்குள் நன்றாக ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது, "செரி, வா." இத்தனை வருஷம் வாசல்படியில் நின்று போ என்று சொல்லிப் பழகாத வாய், ஒரே நாளில் எங்கே சொல்லும்? இன்று காலையும் நீ எனக்கு முன்னால் வந்திருந்தாய்.

அதனால்தான் இந்த மடல். பெருந்துறை வேலையை ஓரம் வைத்துவிட்டுக் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். உன் பிராசஸரை இனி என் மணிபர்சில் வைத்துக்கொள்ளப் போகிறேன். வாசம் இருக்கும்வரை இருக்கட்டும். சந்தனம் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கு நானே மூடியைத் திறந்து உள்ளே வைப்பேன், கோவித்துக்கொள்ளாதே. இனிக் காலையில் முதல் ஆளாக நான் வருகிறேன். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முனையில் ஹாரன் அடிக்கிறது. உன் பஸ். நேரமாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

போ

ஒற்றை எழுத்து. அதற்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டு மின்னுகிறது, இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டு. எத்தனை நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. அந்த எழுத்தோடு விட்டுவிட்டு எழுந்திருக்க என்னால் முடியவில்லை, கண்ணு. நம் ஊரில் அந்த வார்த்தை அங்கே முடிவதில்லை.

போயிட்டு வா. அவசரமில்ல. நல்லாத் தூங்கி எந்திரிச்சு, மெதுவா வா.